வாக்குச் சாவடிப் பணியாளர் யார்? அவர் கடமை யாது?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பைச் சரிபார்த்து முடித்தபின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். முதிய அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து, “ஐயா, ஊராட்சித் தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்காருகிறார்களே, அந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா? எங்கள் பையன் பி.ஏ. படித்திருக்கிறான். மனுப் போடச் சொல்லட்டுமா?” என்று வினவினார். பக்கத்தில் நின்ற மற்றோர் அங்கத்தினர், “அதில் என்ன பெரிய வேலை இருக்கிறது? பேரைப் பார்ப்பது, மை வைப்பது, சீட்டைக் கொடுப்பது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாதா?” என்றார்.

முன்னவருக்கு உரிய விடை சுருக்கமானது. பின்னவர் கூறியதற்கோ அன்று நாம் முழு விடை தரவில்லை. அவர் எண்ணியவாறே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு அலுவலராகப் பணியாற்றிய ஒரு நாளில் அவ்வெண்ணம் நம்மை விட்டு நீங்கியது. அது நீங்கிய வகையையும், அப்பணியின் இயல்பையும் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணிக்கு அழைக்கப்படுவோர்

சட்டமன்றத்திற்கும் பாராளுமன்றத்திற்கும் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சி, நகராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இவை இரண்டும் வெவ்வேறானவை. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு உறுதியான சட்ட அடிப்படையை அளித்தது. அவற்றின் தேர்தலை நடத்த ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி ஆணையம் வேண்டும் என்றும் விதித்தது. அதனையொட்டித் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது.

ஆணையம் பெரிதாயினும் அதற்கெனச் சாவடிதோறும் அமர்த்தத் தனி ஊழியர் படை கிடையாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. அத்தனை ஊர்களிலும் சாவடி அமைக்க வேண்டுமாயின் ஆட்கள் எங்கிருந்து வருவர்? பள்ளி ஆசிரியர், அலுவலக எழுத்தர், நம்மைப் போன்ற துறை ஆய்வாளர் ஆகியோரின் பட்டியலை அந்தந்த அலுவலகங்களிலிருந்து பெற்று, மாவட்டத் தேர்தல் அலுவலராகிய ஆட்சித் தலைவரின் பொறுப்பில் நியமன ஆணை பிறப்பிக்கின்றனர். ஆணை பெற்றவர் பணிக்குச் சென்றே தீரவேண்டும். கடும் நோய் முதலிய தக்க காரணத்தைச் சான்றுடன் காட்டினால் மட்டுமே விலக்குக் கிடைக்கும். வாராதிருப்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பணிக்குச் சிறு படித்தொகையும் உண்டு.

எனவே அம்முதியவருக்கு நாம் சொன்ன விடை இது: “பையன் பட்டம் பெற்றிருப்பது நன்று, ஆனால் இவ்வேலைக்கு மனுப் போடும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. அவன் ஆசிரியனாகவோ அரசு ஊழியனாகவோ ஆனால், ஆணை தானே அவனைத் தேடி வரும்.” அமெரிக்க நாட்டில் முறை வேறு. அங்கே பொதுமக்களே உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பயிற்சி பெற்றுச் சாவடியில் பணியாற்றுகின்றனர். பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் இடம் தருகின்றனர். நம் நாட்டில் ஊழியர் அல்லாதார் சாவடிக்குள் அமர்வதற்கு உள்ள முக்கிய வழி, வேட்பாளரின் முகவராக நியமனம் பெறுவது. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

முன்னாள் மாலை

ஆணை வந்தபின் பயிற்சி வகுப்புகள் நடைபெறும். படிவங்களை நிரப்பும் முறை, பெட்டியை மூடி முத்திரையிடும் முறை, ஐயம் எழுந்தால் செய்ய வேண்டுவன ஆகியவற்றை அங்கே கற்பிப்பார்கள். இன்ன சாவடி என்பது வாக்குப்பதிவிற்கு முன்னாள்தான் நமக்குத் தெரியவந்தது. நமக்குக் கிடைத்த ஊர் நாம் வாழும் ஊரன்று. நாம் பணிபுரியும் சரகத்தைச் சேர்ந்ததுமன்று. அது நன்மையே. அங்கே நமக்கு உறவினரும் இல்லை, பகைவரும் இல்லை.

பெட்டிகள், சீட்டுக் கட்டுகள், வாக்காளர் பட்டியல், மைக்குப்பி, முத்திரைகள், அரக்கு, உறைகள் இவற்றைப் பெற்றுக்கொண்டு அந்தியில் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அடைந்தோம். முதல் வேலை எண்ணுவது. ஒவ்வொரு சீட்டின் வரிசை எண்ணையும் பார்த்து, கட்டில் குறைவோ இரட்டிப்போ இல்லையென உறுதி செய்ய வேண்டும். பண்டகசாலையில் நூல் சிட்டத்தை எண்ணி வாங்காமல் கையொப்பமிடும் எழுத்தரை நாம் கடிந்து கொள்வது வழக்கம். அன்று அதே வேலையை விளக்கொளியில் நாமே செய்தோம்.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் தூக்குவாளியில் இட்டிலியும் சாம்பாரும் கொண்டு வந்தார். அன்பாகத்தான் தந்தார். அவர் ஒரு வேட்பாளரின் தம்பி என்பது பின்னரே தெரிந்தது. எங்கள் தலைமை அலுவலர் பள்ளியாசிரியர், அறுபதை நெருங்கியவர். “மன்னிக்க வேண்டும், உங்கள் சாப்பாட்டில் குறையொன்றும் இல்லை. நாளைக் காலை உங்கள் அண்ணனுடைய எதிரியின் முகவர் எங்கள் எதிரே உட்காருவார். அவர் முகத்தை நாங்கள் பார்க்க வேண்டுமே” என்று கூறித் திருப்பியனுப்பினார். கொண்டு வந்திருந்த ரொட்டியைத் தின்று பெஞ்சியில் படுத்தோம்.

நான்கு நிறச் சீட்டுகள்

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்குமுன், முகவர்களின் எதிரே பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டி, உள்ளே ஒன்றும் இல்லையென அவர்கள் கண்ட பின்னரே மூடி முத்திரையிட்டோம். முத்திரைத் தாளில் அவர்களும் கையொப்பமிட்டனர்.

நகர்ப்புறத் தேர்தலில் மின்னணு இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றனர். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வாறே நடந்தது. ஆனால் 2019-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் ஊரகத்தில் நடந்த தேர்தல்களில் காகிதச் சீட்டே வழங்கப்பட்டது. கிராமத்து வாக்காளர் ஒருவர் ஒரே வேளையில் நான்கு பதவிகளுக்கு வாக்களித்தார். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள் என நிறம் பிரித்திருந்தனர். முதலிரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டிற்கும் உண்டு.

சாவடியில் ஒருவர் பட்டியலைப் பார்த்து வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். முகவர்கள் தத்தம் படியில் சரிபார்ப்பர். ஆட்சேபம் இல்லையேல் அப்பெயரின் வரியில் குறியிடுவார். அடுத்தவர் விரலில் மை வைப்பார். பின்னுள்ளோர் அடிக்கட்டையில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெற்றுச் சீட்டுகளை மடித்துக் காட்டித் தருவர். மடிப்பிலும் ஒரு முறை உண்டு. முத்திரையின் ஈரமை மறுபக்கத்தில் மற்றொரு வேட்பாளரின் பெயர்மேல் படாதவாறு மடிக்க வேண்டும். பட்டால் எண்ணும்போது ஐயம் எழும். சேலையை மடிப்புக் குலையாமல் மடிக்கத் தெரிந்த நெசவாளருக்கு இதை இருமுறை சொல்ல வேண்டியதில்லை.

விரலில் வைக்கும் மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயத்தொழில் அறிந்தோர்க்கு அது சுவை தரும். அழியாத மை 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நம் நாட்டில் வழங்கி வருகிறது. மைசூரில் அரசுக்குச் சொந்தமான ஒரு வண்ணத் தொழிற்சாலை அதனைத் தயாரிக்கிறது. அதில் உள்ள சில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு தோலோடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. மேலே பூசிய நிறமாயின் சோப்பால் போகும். இதுவோ தோலிலேயே பிடித்துக்கொள்கிறது. தோலும் நகமும் வளர்ந்து தள்ளினாலன்றி நீங்காது. ஆதலின் மை வைத்தவுடன் துடைத்துவிட விடாமல் உலரவிட வேண்டும். அந்தச் சில நொடிகளை அவசரத்தில் இழந்தால் மையின் பயனையே இழந்தவராவோம்.

நாம் செய்த பிழை

பட்டியலைப் படிக்கும் வேலை நமக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதன் பெருமையை ஒரு பழைய செய்தி விளக்கும். 1951-52-ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடநாட்டுப் பகுதிகளில் பல பெண்கள் தம் பெயரைக் கூறாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் செய்தனர். சொந்தப் பெயரின்றிப் பதிவு செய்யலாகாதெனத் தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அவ்வாறு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். பெயர் ஒழுங்காக இல்லையேல் வாக்கே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் சாவடியில் காலை முழுதும் கூட்டம் அளவாக இருந்தது. வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகிய நான்கையும் படித்தே குறியிட்டோம். மூன்று மணிக்குமேல் களத்து வேலையும் தறி வேலையும் முடித்தவர்கள் ஒருங்கே வந்தனர். வரிசை வேலிவரை நீண்டது. “சீக்கிரம், சீக்கிரம்” என்ற குரல் எழுந்தது. நாமும் விரைந்தோம். அவ்விரைவில் வயதான அம்மையார் ஒருவர் பெயரைச் சொன்னதும், அப்பெயர் கண்ட வரியில் குறியிட்டுவிட்டோம். கணவர் பெயரைப் படிக்கவில்லை. முகவர்களும் களைத்திருந்தனர்; எவரும் தடுக்கவில்லை.

அரைமணி கழித்து மற்றோர் அம்மையார் வந்தார். பெயர் அதே பெயர். கையில் அடையாள அட்டை இருந்தது. இடக்கைச் சுட்டுவிரலில் மை இல்லை. அவருடைய வரியிலோ நம் கைக்குறி கிடந்தது. முன்வந்தவருக்கு உரிய வரி அடுத்த பக்கத்தில் குறியின்றி இருந்தது.

நாம் எழுந்து தலைமை அலுவலரிடம் பிழையை ஒப்புக்கொண்டோம். ஒரு முகவர் வழக்கமான சீட்டே தரலாம் என்றார். எதிர்த்தரப்பு முகவர் கூடாதென்றார். இத்தகைய நிலைக்கு விதி ஒரு வழி வகுத்துள்ளது. தம் பெயரில் முன்னரே வாக்குப் பதிவாகியிருப்பதாகக் காணும் வாக்காளர், தாமே உண்மையானவர் என்று காட்டினால் அவருக்குத் தனிச் சீட்டுத் தரப்படும். அவர் முத்திரையிட்டபின் அச்சீட்டு பெட்டிக்குள் போகாது. தனி உறைக்குள் போகும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கு ஏற்பட்டால் மட்டுமே நீதிமன்றம் அதனைப் பார்க்கும். தலைமை அலுவலர் அவ்வழியையே மேற்கொண்டார்.

அம்மையார் கோபிக்கவில்லை. நான்கு சீட்டுகளிலும் பொறுமையாக முத்திரையிட்டு வந்து, மடித்த சீட்டுகளை நம்மிடம் நீட்டினார். அவற்றை நாம் உறையில் இடுவதைக் கண்டு, “தம்பி, எல்லாரும் பெட்டியிலே போடுறாங்க, என்னுடையது மட்டும் கவரிலே போகுதே. இது எண்ணிக்கையிலே சேருமா?” என்று கேட்டார். பொய் சொல்ல நமக்கு நா எழவில்லை. “சேராது, அம்மா. தவறு என்னுடையது” என்றோம். சற்று நேரம் நின்றார். பிறகு, “சரி, வந்ததுக்கு மையாவது வச்சாங்களே” என்று விரலைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

கிராம ஊராட்சி வார்டில் வாக்காளர் தொகை சில நூறே. அங்கே ஓரிரு வாக்கில் வெற்றி தோல்வி ஏற்படுவதும், வாக்குகள் சமமாகிக் குலுக்கல் முறையில் முடிவு காண்பதும் உண்டு. அவ்வார்டின் வெற்றி எத்தனை வாக்கில் அமைந்தது என்று நாம் பின்னர் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணியவில்லை என்பதே உண்மை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்னரே மேலே நெய்கிறார். நிறுத்தாமல் நெய்தால் துணி விரைவில் முடியும். குறையோ துணியின் நீளம் முழுதும் ஓடும். ஐந்து நொடி நிறுத்திக் கணவர் பெயரைப் படித்திருந்தால் ஓர் அம்மையாரின் வாக்குப் பிழைத்திருக்கும். வரிசையில் நின்றோர் முணுமுணுத்திருப்பர், அவ்வளவே.

கணக்கு முடித்தல்

குறித்த நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடலாமென்று சிலர் எண்ணுகின்றனர். அஃதன்று. அந்நேரத்தில் வரிசையில் நிற்போர் அனைவருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு. தலைமை அலுவலர் கையொப்பமிட்ட எண் துண்டுகளை வரிசையின் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வருவார். முதலில் நிற்பவரிடமிருந்து தொடங்கினால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னே புதியவர் சேர்ந்துவிடுவர் அல்லவா? எளிய உபாயம், ஆனால் எவ்வளவு நுட்பமானது!

பின்னர்ச் சீட்டுக் கணக்கு. பெற்ற சீட்டு எத்தனை, வழங்கியது எத்தனை, பழுதானது எத்தனை, தனி உறைக்குச் சென்றது எத்தனை, மீதி எத்தனை என நான்கு நிறத்திற்கும் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும். நெசவாளருக்கு எடை போட்டு நூல் தந்து, துணியையும் கழிவையும் எடை போட்டு வாங்கிச் சரிக்கட்டும் கணக்கே இது. விதையும் உரமும் வழங்கும் சங்கத்தின் இருப்புப் பதிவேடும் இதுவே. ஒரு சீட்டுக் குறைந்தாலும் பெட்டி நகராது. எங்களுக்கு இரவு ஒன்பது மணி ஆயிற்று. தோற்கப்போகும் வேட்பாளரின் முகவருக்கும் கணக்கைக் காட்டினோம். அவரும் கண்டு ஒப்பினார். தோற்றவர் முடிவை ஏற்பது இக்கணக்கினால்தான்; வென்றவருக்கு எந்தக் கணக்கும் இனிக்கும்.

விரித்த கை

இவ்வொழுங்கு நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதிகளைக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டனர். அச்சபை பிராமணர் சபை. நிலமும் வயதும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். பெண்டிர்க்கும் ஏனையோர்க்கும் இடமில்லை. அதனை இன்றைய குடியாட்சியென்று கொள்ளுதல் பொருந்தாது.

ஆயினும் ஒரு விதி நம் கருத்திற்கு உரியது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளே இருப்பது அறியாத சிறுவனாக இருத்தல் வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் படித்தபின் அங்குள்ள மற்றோரும் அதனைப் படிக்க வேண்டும். கையை மூடினால் ஓலை மாறக்கூடும் என்பது ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தெரிந்திருந்தது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்பதும் அக்கல்வெட்டின் விதி. கூட்டுறவு ஆய்வாளராகிய நமக்கு அவ்வரி தனி மகிழ்ச்சி தருகிறது.

கவிழ்த்துக் காட்டிய பெட்டி, உரக்கப் படித்த பெயர், ஒப்பிட்ட கணக்கு ஆகிய யாவும் விரித்த கையின் வகைகளே. பணியாளர் நல்லவரா என்று ஊர் ஆராய வேண்டியதில்லை. அவர் கை விரிந்திருந்தால் போதும். நம் பிழை நேர்ந்ததும் கணவர் பெயரை வாய்விட்டுப் படிக்காத அந்த ஒரு கணத்தில்தான். அக்கணத்தில் நம் கை மூடியிருந்தது.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

இப்பணியில் அங்கத்தினர்க்கும் பங்கு உண்டு. அவற்றுள் சில:

முதலாவது, தேர்தல் அறிவிப்பு வருமுன்னரே பட்டியலில் தம் பெயரையும், தந்தை அல்லது கணவர் பெயரையும், வயதையும் பார்த்துத் திருத்திக் கொள்ளுதல். ஒரே பெயருடையோர் மிகுந்த தெருவில் இது இன்றியமையாதது.

இரண்டாவது, வேட்பாளர் எவரேனும் முகவராக அழைத்தால் அதனை வெறும் கட்சி வேலையாகக் கருதாமை. முகவர் உறங்கினால் பணியாளரும் உறங்குவார். பெயர் படிக்கும்போது தம் படியைப் பார்த்து, ஐயமிருப்பின் அப்பொழுதே சொல்வது முகவரின் கடமை. யார் யாருக்கு வாக்களித்தார் என்று அறிய முயல்வது அவர் வேலையன்று; வாக்கின் இரகசியத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

மூன்றாவது, சாவடியில் பெயரைக் கூறும்போது கணவர் பெயரையோ தந்தை பெயரையோ சேர்த்துக் கூறுதல். பின்னால் நிற்போர், “சீக்கிரம்” என்று கூவாதிருத்தல்.

நான்காவது, குடும்பத்தில் ஆசிரியரோ ஊழியரோ இருந்து ஆணை வந்தால், அதனைத் தவிர்க்கச் சிபாரிசு தேடாதிருத்தல்.

இறுதியாக, நம் சங்கத் தேர்தல். 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து உழைப்பாளிகள் தொடங்கிய சங்கத்தின் மரபில் வந்தது நம் இயக்கம். பங்கு எத்தனை இருந்தாலும் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கே என்பது அதன் அடிப்படை. அவ்வொரு வாக்கு எழுதப்படும் பட்டியல் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு. இறந்தவர் பெயர் நீங்காமலும், அவர் வாரிசின் பெயர் ஏறாமலும் அது கிடக்குமாயின், உறைக்குள் போகும் வாக்குகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. செயலாளர்கள் அதனை ஆண்டுதோறும் ஒருமுறை பொதுக்குழுவில் உரக்கப் படிப்பது நன்று.

அன்று திண்ணையில், “எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாதா?” என்று வினவிய அங்கத்தினருக்கு நாம் கூறும் விடை இதுவே: ஐயா, போதும். ஆனால் முழுவதும் படிக்க வேண்டும்.